இலையில் முதலில் தீர்ந்த மிளகாய்

மலையடிவாரக் காடு ஒன்றில் கனகு என்றோர் அணில் இருந்தது. கனகுவிடம் எல்லாக் குணமும் நல்ல குணம்தான், பிள்ளைகளே. ஒன்றே ஒன்றுதான் குறை. அதற்கு "வேண்டாம்" என்று சொல்ல வராது. யார் எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்ளும். எதிரில் இருப்பவர் முகம் வாடிவிடுமோ என்று அதற்கு அப்படி ஒரு கூச்சம்.

கனகுவுக்கு இரண்டு குட்டிகள். அப்போதுதான் கண் திறந்திருந்தன. ஓடைக்கரை ஈச்சம்புதரில், இலவம்பஞ்சு வைத்துக் கட்டிய கூட்டில் அவை கிடந்தன.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. மலைமேல் எங்கோ பெய்த மழைக்கு இங்கே ஓடை செக்கச்செவேல் என்று வந்தது. காலையில் கரைக்குக் கீழே கிடந்த தண்ணீர், கொஞ்ச நேரத்தில் புதரின் வேரை நக்க ஆரம்பித்தது. இன்று பொழுது சாய்வதற்குள் மேட்டில் ஓர் இடம் பிடிக்காவிட்டால் குட்டிகள் வெள்ளத்தோடு போய்விடும்.

மேட்டில் ஓர் இலுப்பை மரம் நின்றது. அதன் பொந்துகளில் கிளிகளும் மைனாக்களும் குடியிருந்தன. கிளிகளில் மூத்தவள் பச்சைநாயகி. அவள் பேச்சுக்கு அந்த மரத்தில் மறுபேச்சு கிடையாது.

கனகு மூச்சிரைக்க ஓடிப்போய் அடிமரத்தில் நின்றது.

"அக்கா, ஓடையில் தண்ணீர் ஏறுகிறது. எனக்கு இரண்டு குட்டிகள். ஒரு பொந்து தருவீர்களா?"

பச்சைநாயகி தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"விருந்தாளிக்கென்று ஒரு பொந்து எப்போதும் காலியாக வைத்திருக்கிறோம். இந்த மரத்திலேயே நல்ல பொந்து அதுதான். சாரல் எட்டாது. ஆனால் இங்கே ஒரு வழக்கம் உண்டு, தாயி. குடி வருகிறவர் முதலில் எங்களோடு பந்தியில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். சேர்ந்து சாப்பிடாதவரோடு நாங்கள் சேர்ந்து வாழ்வதில்லை."

"அவ்வளவுதானே, சாப்பிடுகிறேன்" என்றது கனகு. அதற்கு உயிர் வந்தது போல் இருந்தது.

மரத்தடிப் பாறையில் மந்தார இலைகள் வரிசையாக விழுந்தன. கிளிகளும் மைனாக்களும் இறங்கி உட்கார்ந்தன. பரிமாறுகிறவர் ஏகாம்பரம் என்ற மைனா. பரிமாறுவதில் அவரை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் இல்லை. யார் இலையில் எது குறைகிறது என்று அவர் கண் அளந்துகொண்டே இருக்கும்.

கனகுவின் இலையில் முதலில் கொய்யாத்துண்டு விழுந்தது. பிறகு அத்திப்பழம். பிறகு ஒரு பிடி புல்லரிசி. கனகுவின் நாக்கில் எச்சில் ஊறியது.

கடைசியாக ஏகாம்பரம் ஒரு கொத்தைக் கொண்டுவந்து இலையின் நடுவில் வைத்தார். சின்னச் சின்னதாக, சிவப்பாக, மேல்நோக்கி நிமிர்ந்த காய்கள்.

காந்தாரி மிளகாய்.

ஊறிய எச்சில் அப்படியே வற்றிப்போனது. கனகுவுக்குக் காரம் ஆகவே ஆகாது. முன்பு ஒரு தடவை தெரியாமல் ஒரு மிளகுக்கொடியின் காயைக் கடித்துவிட்டு, பகல் முழுக்க ஓடையில் வாயை வைத்துக்கொண்டு கிடந்தது. மிளகுக்கே அந்தப் பாடு என்றால் காந்தாரி என்ன பாடு படுத்தும்!

பறவைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. கிளி, மைனா எதற்குமே மிளகாய் எரியாது. அவற்றுக்கு அது மற்றப் பழங்களைப் போல ஒரு பழம், அவ்வளவுதான். 'காரம்' என்றால் என்னவென்று அவை கேள்விப்பட்டதுகூட இல்லை. மரத்தைச் சுற்றிலும் வளர்ந்திருந்த காந்தாரிச் செடிகள் அவற்றின் பெருமை. முற்றிப் பழுத்ததாகப் பார்த்துப் பார்த்துப் பறித்து, விருந்தாளிக்கென்று வைத்திருந்தார்கள்.

கனகு இரண்டு பக்கமும் திருட்டுத்தனமாகப் பார்த்தது. யாரும் இன்னும் இலையைத் தொடவில்லை. எல்லாக் கண்களும் அதன்மேல்தான் இருந்தன.

"சாப்பிடம்மா" என்றார் ஏகாம்பரம். "விருந்தாளி வாய் வைத்த பிறகுதான் நாங்கள் அலகு வைப்போம்."

சொல்லிவிடலாமா? கனகு வாயைத் திறந்தது. "எனக்கு இது ஒத்துக்காது" என்ற சொல் தொண்டை வரை வந்தது. அப்போது தூரத்தில் ஓடை இரையும் சத்தம் கேட்டது. இவர்கள் கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டால்? 'எங்கள் மிளகாய் பிடிக்காதவளுக்கு எங்கள் பொந்து எதற்கு' என்று கேட்டுவிட்டால்? குட்டிகளை எங்கே கொண்டுபோவது? கனகு வாயை மூடிக்கொண்டது.

அது மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டது. 'வேண்டாததை முதலில் தின்று தொலைத்துவிடலாம். பிறகு கொய்யாவும் அத்தியும் தின்று வாயை ஆற்றிக்கொள்ளலாம். ஒரு கொத்துதானே. கண்ணை மூடினால் தீர்ந்தது.'

உங்களில் யாராவது கல்யாணப் பந்தியில் பாகற்காயை இப்படி முதலில் தின்று தீர்த்தது உண்டா? உண்டென்றால், கனகுவுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம்.

கனகு முன்காலால் ஒரு மிளகாயை எடுத்தது. நுனியைக் கடித்தது.

ஒன்றும் இல்லையே என்று நினைத்து முடிப்பதற்குள் பிடித்துக்கொண்டது. நாக்கின் நுனியில் தொடங்கிய தீ, கன்னம், அண்ணம், தொண்டை என்று ஓடி, காதுக்குள் 'ஙொய்' என்று கேட்டது. மூக்கில் நீர் கொட்டியது. கனகு விடவில்லை. அடுத்தது, அதற்கு அடுத்தது என்று மடமடவென்று மென்று விழுங்கியது. கொத்து தீர்ந்தது. 'அப்பாடா' என்று கொய்யாத்துண்டின் பக்கம் கை நீட்டியது.

"அடடா, பார்த்தீர்களா?" என்றார் ஏகாம்பரம். "கொய்யா அப்படியே இருக்கிறது. அத்தி அப்படியே இருக்கிறது. இலையில் முதலில் தீர்ந்தது நம் மிளகாய்தான்."

சொல்லிக்கொண்டே இரண்டு கொத்தை எடுத்து இலையில் வைத்தார்.

"போதும், போதும்" என்று கனகு இரண்டு கைகளையும் இலைக்கு மேல் குறுக்கே நீட்டியது.

பந்தியில் 'போதும்' என்பதை யார் 'போதும்' என்று எடுத்துக்கொள்கிறார்கள்? "கூச்சப்படாதே, தாயி. உன் வீடு மாதிரி நினைத்துக்கொள்" என்று ஏகாம்பரம் அதன் கைகளை விலக்கிவிட்டு இன்னும் ஒரு கொத்து வைத்தார்.

கனகுவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வழிந்தது. பச்சைநாயகி அலகிலிருந்த பழத்தைக் கீழே வைத்தாள்.

"ஏனம்மா அழுகிறாய்?"

எல்லாரும் அதன் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கனகு பச்சைநாயகியின் முகத்தைப் பார்த்தது. கவலை தெரிந்த அந்த முகத்தை வாட விட அதற்கு மனசு வரவில்லை.

"அது... இவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டதே இல்லை, அக்கா. அமிர்தம். அதுதான் கண் கலங்கிவிட்டது."

பந்தியே பூரித்துப்போனது. நம் மிளகாயைச் சாப்பிட்டு ஆனந்தக் கண்ணீர் விடும் ஒரு விருந்தாளியா! கிளிகள் ஒன்றையொன்று பார்த்துச் சிறகைத் தட்டிக்கொண்டன.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. கனகு வைத்ததை எல்லாம் தின்றது. உதடு வீங்கியது. முதுகுக் கோடு வரை வியர்த்துக் கொட்டுவது போல் இருந்தது. தொன்னையில் தந்த தண்ணீரைக் குடித்தது. எரிச்சல் அடங்காமல் இன்னும் வேகமாகப் பரவியது. அப்படியும் அது சிரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில், வயிறு நிறைந்தவர்கள் மடிப்பது போல, இலையைத் தன் பக்கமாக மடித்தது.

"பொந்து உனக்குத்தான்" என்றாள் பச்சைநாயகி. "போய்க் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வா."

தின்றது வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டு கனகு மேட்டிலிருந்து பாய்ந்து இறங்கியது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஓடை புதருக்குள் நுழைந்துவிட்டிருந்தது. கூட்டின் அடிப்பக்கம் நனைந்து, குட்டிகள் இரண்டும் மேல் விளிம்பில் ஒட்டிக்கொண்டு கத்தின.

"வந்துவிட்டேன் கண்ணுகளா" என்று கனகு மூத்த குட்டியின் கழுத்தைக் கவ்வியது.

குட்டி வீல் என்று அலறித் துடித்தது.

கனகு பதறிப்போய் வாயை எடுத்தது. குட்டியின் பிஞ்சுத் தோல் பட்ட இடமெல்லாம் சிவந்திருந்தது. வாயில் இன்னும் காந்தாரி இருந்ததே! அணில் தன் குட்டியை வாயில்தான் தூக்கும். அந்த வாயோ இப்போது தீயாக இருந்தது.

கனகு ஓடைத் தண்ணீரில் வாயைக் கொப்பளித்தது. கரைமண்ணை அள்ளி நாக்கில் தேய்த்தது. மறுபடி கவ்வியது. குட்டி மறுபடி அலறியது. தண்ணீர் கூட்டின் பாதியைத் தாண்டியது. 'இடம் கிடைத்தும் பிள்ளையைத் தூக்க முடியவில்லையே, பாவி நான்' என்று கனகுவின் நெஞ்சு அடித்துக்கொண்டது.

சட்டென்று அது கூட்டிலிருந்த இலவம்பஞ்சைப் பிடுங்கியது. காய்ந்த பஞ்சாகப் பார்த்துக் குட்டியின் கழுத்தில் சுற்றி, பஞ்சோடு சேர்த்துக் கவ்வியது. குட்டி முனகியது, ஆனால் அலறவில்லை. கனகு ஓட்டமாக ஓடி மேட்டுப் பாறை இடுக்கில் அதை விட்டுவிட்டுத் திரும்பியது. இளைய குட்டி ஈச்ச ஓலை நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. கூடு அப்போது தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. எட்டி அதன் கழுத்தைக் கவ்வியபோது பஞ்சுகூட இல்லை. குட்டி கதறக் கதறத் தூக்கிக்கொண்டு ஓடியது.

முதல் தூறல் விழும்போது கனகு இரண்டு குட்டிகளையும் ஒவ்வொன்றாக இலுப்பை மரத்தில் ஏற்றியது. பொந்தின் வாசலில் பச்சைநாயகியும் ஏகாம்பரமும் மற்றப் பறவைகளும் கூடி நின்றார்கள். எல்லார் முகத்திலும் ஒரு குறும்பான சந்தோஷம்.

"உள்ளே போய்ப் பார், தாயி" என்றார் ஏகாம்பரம். "நீ திரும்பி வருவதற்குள் எங்களால் ஆனதைச் செய்திருக்கிறோம்."

கனகு குட்டிகளோடு உள்ளே போனது. நல்ல ஆழமான பொந்து. காற்று கிடையாது, சாரல் கிடையாது. ஆனால் தரையில் அரைச்சாண் உயரத்துக்கு மிளகாய் பரப்பியிருந்தது. காய்ந்த மிளகாயை அலகால் நொறுக்கி மெத்தை மாதிரி போட்டிருந்தார்கள். அதன்மேல் புதுப்பழமாகக் கொத்துக் கொத்தாகக் குவித்திருந்தார்கள். சுவர் இடுக்கில்கூடச் செருகியிருந்தார்கள்.

"மழைக்காலம் முழுக்க நீ வெளியே போகவே வேண்டாம்" என்றாள் பச்சைநாயகி வாசலிலிருந்து. "எங்கள் வீட்டு மிளகாயை எல்லாம் கொண்டுவந்து கொட்டிவிட்டோம். அமிர்தம் என்று சொன்னாயே, அந்த ஒரு சொல் போதும் எங்களுக்கு."

கனகு காலை வைத்ததும் நெடி குப்பென்று கிளம்பியது. மூத்த குட்டி தும்மியது. தும்மித் தும்மி மூச்சு விட முடியாமல் வாயைப் பிளந்தது. இளையது முன்கால்களால் கண்ணைத் தேய்த்தது. தேய்க்கத் தேய்க்கக் கண் வீங்கி மூடிக்கொண்டது. கண் திறந்து சில நாள்தானே ஆகியிருந்தது அதற்கு.

கனகுவும் இருமியது. அதன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஏகாம்பரம் அதைப் பார்த்துவிட்டார்.

"மறுபடி ஆனந்தக் கண்ணீர்!" என்றார் அவர் மற்றவர்களிடம் பெருமையாக.

"ஆமாம்" என்ற சொல் பழக்கத்தில் கனகுவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வெளியே மழை வலுத்தது. இந்தப் பொந்தும் போனால் இந்த மழையில் வேறு போக்கிடம் இல்லை. அப்போது மூத்த குட்டியின் தும்மல் நின்றது. குட்டி மூச்சே விடவில்லை.

"இல்லை" என்று கத்தியது கனகு. இரண்டு குட்டிகளையும் அள்ளிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தது. "இல்லை அக்கா. எனக்கு மிளகாய் ஆகாது. எரிகிறது. என் பிள்ளைகள் செத்துப்போகும். வழி விடுங்கள்."

பறவைகள் திகைத்து விலகின. கனகு குட்டிகளைக் கிளையில் மழைக்கு நேராகப் பிடித்தது. மழைத்தண்ணீர் முகத்தில் அடித்ததும் மூத்தது ஒரு முறை விக்கி, மூச்சை இழுத்தது. இளையதன் கண்ணில் வழிந்த தண்ணீர் மெல்ல மெல்ல எரிச்சலைக் கழுவியது. கனகு இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதது.

ஏகாம்பரம் பொந்துக்குள் தலையை விட்டு ஒரு மிளகாயைக் கொத்திப் பார்த்தார். "எரிவதா? எனக்கு ஒன்றும் தெரியவில்லையே. எப்போதும் போலத்தானே இருக்கிறது" என்றார்.

"உங்களுக்குத் தெரியாது, அண்ணே. பல் இருக்கிற எங்களுக்குத்தான் தெரியும். தீயைத் தின்கிற மாதிரி இருக்கும்."

"அப்படியென்றால் பந்தியில் அழுதது?" என்று கேட்டாள் பச்சைநாயகி.

"எரிச்சலில்தான் அழுதேன்."

"அமிர்தம் என்றாயே?"

"பொய் சொன்னேன், அக்கா. மிளகாயை மறுத்தால் பொந்து தர மாட்டீர்களோ என்று பயந்தேன்."

மழை பச்சைநாயகியின் சிறகில் பட்டு வழிந்தது. அவளுக்கு வருத்தம்தான். அதை அவள் மறைக்கவும் இல்லை.

"சேர்ந்து சாப்பிட வேண்டும் என்றுதானே சொன்னேன்? மிளகாயைத்தான் தின்ன வேண்டும் என்று யார் சொன்னார்கள்? உன் இலையிலேயே கொய்யா இருந்தது, அத்தி இருந்தது. இது எனக்கு ஆகாது என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஏகாம்பரம் அந்தக் கொத்தை எடுத்து என் இலையில் வைத்திருப்பார். அத்தோடு முடிந்திருக்கும். நீ அமிர்தம் என்று சொன்னாய். இருந்த ஒரு நல்ல பொந்தும் வீணாகிவிட்டது."

"மிளகாயை எல்லாம் வாரி எறிந்துவிடலாமா?" என்று கேட்டது ஓர் இளம் கிளி.

"வாரலாம். நொறுக்கிப் போட்ட தூள் இடுக்கெல்லாம் இறங்கிவிட்டது. இந்த மழைக்காலம் முழுக்க அது போகாது" என்றார் ஏகாம்பரம். பரப்பியவர் அவர்தானே, அவருக்குத் தெரியும்.

பச்சைநாயகி ஒரு முடிவுக்கு வந்தாள். "எங்களை அது ஒன்றும் செய்யாது. நான் இதில் இருந்துகொள்கிறேன். என் பொந்தை நீ எடுத்துக்கொள். ஆனால் இப்போதே சொல்லிவிடுகிறேன், அது மேற்குப் பார்த்த வாசல். சாரல் நேராக உள்ளே அடிக்கும். இறகு இருக்கிற எனக்குச் சரி. ரோமம் நனைகிற உனக்குக் கஷ்டம்தான். உனக்குச் சம்மதமா? பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்."

"எனக்குப் பிடிக்கவில்லை, அக்கா" என்றது கனகு. "சாரலை நினைத்தாலே பயமாக இருக்கிறது. ஆனால் வேறு வழி இல்லை. எடுத்துக்கொள்கிறேன்."

"இதுதான் எனக்கு வேண்டியது" என்றாள் பச்சைநாயகி.

அந்த மழைக்காலம் முழுக்கக் கனகு சாரல் அடிக்கும்போதெல்லாம் வாசலில் முதுகைக் கொடுத்து, வாலால் இடைவெளியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மழை ஒருநாள் விடாமல் அதன் முதுகில் அடித்தது. உள்ளே கதகதப்பாகக் கிடந்த குட்டிகள் வளர்ந்தன. பேசக் கற்றுக்கொண்டன. ஒருநாள் மூத்தது கேட்டது:

"அம்மா, எதிர்க்கிளையில் இருக்கிற அந்தப் பொந்தில் சாரலே அடிப்பதில்லையாம். அதைத்தான் நமக்கு முதலில் கொடுத்தார்களாம். அதை ஏன் விட்டுவிட்டோம்?"

கனகு வாசலிலிருந்து முதுகை எடுக்காமல் சொன்னது:

"மிளகாயை அமிர்தம் என்று சொல்லிவிட்டேன், கண்ணு."

நீதி: ஆகாததை இலையிலேயே 'ஆகாது' என்று சொல்லிவிடு; கூச்சத்துக்காகப் புகழ்ந்தால், அதுவே உன் வீடு தேடி வந்து நிறையும்.